சேரை வாங்குவதா, செய்வதா, இருப்பதையே திருத்துவதா?

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் வரிக்கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நாலு மேசை, நாலு ரோலிங் சேர், ஒரு ஜன்னல். ஜிஎஸ்டி தாக்கலுக்காக மாதாமாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சேரைவிட்டு எழுந்திருக்க முடியாது. இரண்டு வருஷம் முதுகோடு மல்லுக்கட்டி, இரண்டு சேர் மாற்றி, மூன்றாவதைச் செய்தும் வாங்கிவிட்டதால், தெரிந்தவர்கள் எல்லாரும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள்: ஆன்லைனில் ‘எர்கோனாமிக்’ (உடம்புக்குப் பொருந்தும்படி வடிவமைத்தது) என்று போட்டிருப்பதை வாங்கிவிடலாமா, இல்லை ஆசாரியிடம் அளவு கொடுத்துச் செய்துவிடலாமா?

வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு பாதி நாள் வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் தட்டும் சித்தி மகள் கேட்டாள். ஹைகோர்ட் கிளைக்குப் பக்கத்தில் டைப்பிங் வேலை செய்யும் தோழியும் அதையே கேட்டாள். இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்பதை எழுதிவைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் பேச வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது, கால் பலம் குறைகிறது என்றால் சேர் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரமே. நான் கீழே சொல்வதெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வரும் சாதாரண வலிக்கு மட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது தோள், கை, இறக்கம் என்று நாலு இடத்தில் டேப் வைக்கிறோம். எட்டு மணி நேரம் உடம்பைத் தாங்குகிற சேருக்கு ஒரு அளவும் எடுப்பதில்லை. ஆகவே முதல் வேலை டேப். நாலு அளவு போதும், வீட்டில் யாராவது ஒருவர் பிடித்தால் ஐந்து நிமிஷம்.

முதலாவது, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரம், செருப்பில்லாமல். இது சேரின் உயரம். நம் அலுவலகங்களில் பாதிப் பேர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். ஷூ போட்ட காலை மனதில் வைத்து வடிவமைத்த சேரில் அங்கேயே ஒரு இஞ்ச் போய்விடுகிறது. இரண்டாவது, முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை. இதில் மூன்று விரல் அகலம், அதாவது ஐந்து செ.மீ. போல, கழித்தால் சீட்டின் ஆழம். மூன்றாவது, கையை மடக்கித் தொங்கவிட்டு, சீட்டிலிருந்து முழங்கை வரை. நாலாவது, சீட்டிலிருந்து இடுப்புக் குழிவு வரை. பெரும்பாலானவர்களுக்கு 15-லிருந்து 25 செ.மீ.க்குள் வரும், பெல்ட் கட்டும் இடத்தை ஒட்டி.

என் உயரம் 155 செ.மீ. என் அளவுகள் வரிசையாக 39, 44, 21, 18. இப்போது கணக்கைப் பாருங்கள். பாதம் தரையில் பதிய 39-ல் உட்கார வேண்டும், கை தோளைத் தூக்காமல் டைப் செய்ய விசைப்பலகை 39-உம் 21-உம் சேர்ந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் மேசை, ஊரில் எல்லா மேசையும் போல, 75. பதினைந்து செ.மீ. வித்தியாசம்! சேரை ஏற்றினால் கால் தொங்குகிறது, இறக்கினால் தோள் காதைத் தொடுகிறது. இதை எந்தச் சேரும் தனியாகத் தீர்க்க முடியாது. மேசையைச் சேர்த்துப் பார்க்காமல் சேருக்குப் பணம் போடுவது பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

அடுத்தது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது ரெக்சின் போட்ட சேரில் உட்கார்ந்து எழுந்தால் முதுகில் சட்டை வரைபடம் போட்டிருக்கும். ஏசி அறையில் இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிவிடலாம். அப்புறம், சேரை ஒருவர் மட்டும் பயன்படுத்துகிறாரா, பலர் மாறி மாறி உட்காருகிறார்களா. கெட்டுப்போனால் யார் சரிசெய்வார். கடைசியாகத்தான் விலை.

‘நேராக, 90 டிகிரியில் விறைப்பாக உட்கார்’ என்று நம் வாத்தியார்கள் சொன்னதையும் இங்கேயே ஓரம் கட்டிவிடலாம். சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்பது அவர் கண்டது. 1999-ல் ஜெர்மனியில் ஒரு குழு மறுபடி அளந்தபோது, தளர்வாக உட்காருவது நிற்பதைவிட மோசமாகத் தெரியவில்லை. அவர்கள் அளந்தது ஒரே ஒரு ஆளின் முதுகை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேலைக்கு ஆகிற செய்தி இவ்வளவுதான்: முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்க வேண்டும், சாய்மானம் 100, 110 டிகிரி வரை பின்னால் சாயலாம், இடுப்புக் குழிவில் ஏதாவது தாங்க வேண்டும், ஒரே நிலையில் உறைந்துவிடக் கூடாது.

## 1. இருப்பதையே திருத்துவது

செலவு சொற்பம் என்பதால் யாரும் மதிக்காத வழி. பத்தில் ஆறு பேருக்கு இதிலேயே முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குற்றாலத் துண்டை எடுங்கள். நீளவாக்கில் சுருட்டி, கை மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்ததும் இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு, இடுப்புக் குழிவு உயரத்தில் சேரின் முதுகில் கட்டுங்கள். தொங்கும் காலுக்கு அடியில் பலகை, அதற்கடியில் செங்கல். எனக்கு ஒன்றரைச் செங்கல் உயரம் தேவைப்பட்டது, பழைய டெலிபோன் டைரக்டரி இருந்தால் அதுவும் சரி. மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு. லேப்டாப் என்றால் தனி கீபோர்டு ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் கழுத்தும் கையும் ஒரே நேரத்தில் சரியாக வரவே வராது. ஒரு வாரம் இப்படி உட்காருங்கள். வலி குறைந்தால் உங்களுக்கு எங்கே தாங்கல் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது, அதுவும் பைசா செலவில்லாமல். பின்னால் புதுச் சேர் செய்தாலும் இந்த ஒரு வார அனுபவம்தான் உங்கள் வரைபடம்.

சீட் அமுங்கிப் போயிருந்தால் குஷன் கடைக்குக் கொடுங்கள். பைக் சீட், ஆட்டோ சீட் தைப்பவர்களும் செய்வார்கள். முஷ்டியால் சீட்டை அழுத்தும்போது அடியில் பிளைவுட் தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம். ‘40 டென்சிட்டி போடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த 40. எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதை அது சொல்லாது, எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைத்தான் ஓரளவு சொல்லும். இலவம்பஞ்சுத் திண்டு வேண்டாம். போடிப் பக்கத்து அசல் பஞ்சாகவே இருந்தாலும் பத்து நாளில் அடைபோல ஆகிவிடும், தூங்கத்தான் அது லாயக்கு.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. சீட்டில் திண்டு போட்டால் நீங்கள் இரண்டு இஞ்ச் உயர்கிறீர்கள். கைப்பிடி தாழ்ந்துவிடும், கால் தொங்கும், மறுபடி செங்கல். அதே போல சீட்டின் ஆழம் உங்கள் தொடையைவிட நீளம் என்றால், முதுகுப் பக்கம் எவ்வளவு திண்டு அடுக்கினாலும் அது ஒட்டுவேலைதான்.

## 2. ரெடிமேட் எர்கோனாமிக் சேர்

நான் முதலில் விழுந்தது இந்தக் குழியில். படத்தில் பார்க்க விண்கலம் மாதிரி இருந்தது. தலைத்திண்டு, இடுப்புத் திண்டு, நாலு பக்கம் நகரும் கைப்பிடி. பதினோராயிரத்துச் சொச்சம். அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அல்லன் கீயோடு போராடிப் பூட்டினான். உட்கார்ந்தேன். சீட் ஆழம் 49 செ.மீ. எனக்குத் தேவை 39. முதுகை ஒட்டினால் சீட்டின் முன்விளிம்பு முழங்கால் மடிப்பை அறுக்கிறது, முன்னால் நகர்ந்தால் அத்தனை விலை கொடுத்த இடுப்புத் திண்டு எனக்குப் பின்னால் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு இறக்கினாலும் 45 செ.மீ.க்குக் கீழே போகவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டபோது ‘பழைய பெட்டியில் போட்டுக் கொடுங்கள்’ என்றார்கள். பெட்டி எப்போதோ காயலான் கடைக்குப் போயிருந்தது.

அந்தச் சேரில் இப்போது என் தம்பி உட்காருகிறான். 178 செ.மீ. உயரம். ‘இதைப் போல ஒரு சேர் உலகத்தில் இல்லக்கா’ என்கிறான்.

ஆக, சேரில் தப்பில்லை. 165 செ.மீ.க்கு மேல் உயரம், ஒரே சேரை இரண்டு மூன்று பேர் பயன்படுத்தும் இடம், நாளைக்கே சேர் வேண்டும் என்ற அவசரம், இவற்றுக்கு ரெடிமேட்தான் சரி. அதன் பலமே ஏற்றி இறக்குவதில் இருக்கிறது. வாங்கும்போது விளம்பர வார்த்தைகளை விட்டுவிட்டு மூன்று எண்களை மட்டும் தேடுங்கள்: மிகத் தாழ்ந்த சீட் உயரம், சீட் ஆழம் (முன்பின் நகருமா), இடுப்புத் தாங்கி எந்த உயரத்தில். இந்த மூன்றும் போடாத சேரை வாங்காதீர்கள். பிஃப்மா (அமெரிக்க அலுவலகச் சாமான் தயாரிப்பாளர்கள் சங்கம்) சோதனை என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சேர் உடையாமல் எத்தனை முறை தாங்கும் என்ற வலிமைச் சோதனை. உங்கள் உடம்புக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது.

முழுக்க வலை போட்டது நம் வெயிலுக்கு அருமை. ஆனால் முதுகுக்கு வலை, சீட்டுக்கு ஃபோம் என்று இருப்பதே மேல். மலிவான வலைச் சீட் ஒரு வருஷத்தில் தொட்டில்போலத் தொய்ந்து, முன்பக்கச் சட்டம் தொடையில் குத்த ஆரம்பிக்கும்.

பெங்களூரு, சென்னை கம்பெனிகள் கழித்துவிட்ட பெரிய பிராண்டுச் சேர்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன, அதையும் பாருங்கள். 1994-ல் வந்த ஹெர்மன் மில்லர் ஏரான் சேரை ஏ, பி, சி என்று மூன்று அளவில் செய்தார்கள். முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பில் பின்னால் தடவிப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னப் புள்ளிகள் தட்டுப்படும். என்னைப் போன்ற குட்டையானவர்களுக்கு ஒரு புள்ளி. விற்கிறவருக்கே பல நேரம் இது தெரியாது. சேருக்கும் செருப்புபோல சைஸ் உண்டு என்று அவர்களுக்குப் புரிந்தது மற்ற கம்பெனிகளுக்கு ஏன் புரியவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

## 3. ஆசாரியிடம் முழுக்கச் செய்வது

விண்கலம் தோற்றபிறகு வில்லாபுரத்தில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனேன். நல்ல கைகாரர். காகிதத்தில் எழுதிக்கொண்டு போன அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னம்மா, சின்னப் பிள்ளைக சேரா? எல்லாரும் பதினெட்டு இஞ்சுதான் வைப்பாக.”

“எல்லாருக்கும் கால் ஒரே நீளமா அண்ணே? எனக்குப் பதினஞ்சரைதான்.”

அந்தப் பதினெட்டு இஞ்சைப் பத்திரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளவு கொடுத்தாலும் கை பழக்கத்தில் சேர் அங்கேதான் போய் நிற்கும். குஷன் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் சொல்லியாக வேண்டும்; இரண்டரை இஞ்ச் ஃபோம், உட்கார்ந்தால் முக்கால் இஞ்ச் அமுங்கும் என்று கணக்கிட்டு மரச்சட்டத்தின் உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மரச் சேரின் நல்லது என்னவென்றால், ஆழமும் அகலமும் நீங்கள் சொன்னபடி. சீட்டில் சம்மணம் போட்டு உட்காருகிற நம் பழக்கத்துக்குத் தக்க அகலம் வைத்துக்கொள்ளலாம், கைப்பிடியே இல்லாமல் செய்யலாம். பழைய அரசாங்க ஆபீஸ் சேர்கள்போல பிரம்போ ஒயரோ பின்னினால் வியர்வைத் தொந்தரவு கிடையாது, தொய்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். தேக்கில் செய்தால் பேரன் காலம் வரை நிற்கும்.

பேரன் காலம் வரை அது அதே அளவில்தான் நிற்கும் என்பதுதான் சிக்கல். ஏறாது, இறங்காது, சாயாது. இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த கோணம் ஆறு மாதத்தில் பிடிக்காமல் போகலாம், உடம்பு கூடலாம், மேசை மாறலாம். அளவில் ஒரு இஞ்ச் பிசகினால் அதைச் சரிக்கட்ட வழியில்லை. தேக்கில் தவறு செய்தால் தவறும் நூறு வருஷம். அதோடு மரத்தின் முதுகு தட்டையாகத்தான் வரும். பிளைவுட்டை இடுப்பின் வளைவுக்கு அழுத்தி வளைக்க அச்சு வேண்டும், ஒரு சேருக்காக யாரும் அச்சுச் செய்ய மாட்டார்கள். எனக்கு அவர் சொன்ன கூலியும் மரமும் சேர்ந்து ஒன்பதாயிரம். வாக்களித்த நாள் பத்து, ஆனது ஐந்து வாரம். சித்திரைத் திருவிழாவை ஒட்டி வேலை கொடுத்தீர்களோ, அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரக்காலில் சக்கரம் மாட்டித் தரச் சொல்லாதீர்கள். ரோலிங் சேருக்கு ஐந்து கால் இருப்பது சாய்ந்தாலும் திரும்பினாலும் கவிழாமல் இருக்கத்தான். நாலு காலில் சக்கரம் வைத்தால் ஓரத்தில் சாயும்போது தூக்கி அடிக்கும்.

இதெல்லாம் இருந்தும் மரச் சேரே சிறந்தது என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே மேசை, ஒரே ஆள், கையால் எழுதும் வேலை, நாளில் மூன்று நாலு மணி நேரம். பத்திரம் எழுதுபவர், கல்லாவில் இருப்பவர். மிகக் குட்டையானவர்களும் மிக உயரமானவர்களும் இதை யோசிக்கலாம்.

## 4. கீழே கம்பெனி, மேலே நம்ம ஊர்

நான் கடைசியில் வந்து நின்றது இங்கே. ஐந்து கால் அடிப்பாகம், ஏற்றி இறக்கும் சிலிண்டர் (கடைகளில் ஹைட்ராலிக் என்பார்கள், உள்ளே இருப்பது அழுத்தப்பட்ட வாயு), சாயும் மெக்கானிசம் ஆகிய மூன்றும் பழைய சேரிலிருந்து அல்லது உதிரிப் பாகமாக. சீட்டும் முதுகும் மட்டும் அளவுக்குச் செய்தது.

சிலிண்டரில் குட்டை ரகம் ஒன்று உண்டு, தேடி வாங்கினேன். அதனால் சீட் 39-க்கு இறங்கியது. சீட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட், 39 செ.மீ. ஆழம், முன்விளிம்பை அரத்தால் உருட்டி மழுங்கடித்தது, மேலே ஃபோம். மெக்கானிசத்தைப் பூட்டும் நாலு துளைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே பாகத்தையே எடுத்துப்போய்ப் பலகைமேல் வைத்து பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். துளைகளில் மர ஸ்க்ரூ போதாது, டீ நட் (பலகைக்குள் பல் பதிந்து நிற்கும் நட்) அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும்.

முதுகுக்குத்தான் ஒரு யோசனை வந்தது, அதுவும் என் யோசனை இல்லை, வெல்டிங் பட்டறைக்காரருடையது. இரும்புக் குழாயில் செவ்வகச் சட்டம், அதில் நாடாக் கட்டிலுக்குக் கட்டும் நாடா. குறுக்கே பதினொரு வரிசை. இடுப்புக் குழிவுக்கு நேராக வரும் மூன்று வரிசையை மட்டும் விறைப்பாக இழுத்து, அதற்கு மேலும் கீழும் கொஞ்சம் தளர விட்டார். சாய்ந்தால் தளர்ந்த நாடா பின்னால் போகிறது, விறைத்த மூன்றும் இடுப்பில் நிற்கின்றன. காற்று வருகிறது. எனக்கு முதல் தடவை ஒரு வரிசை மேலே இருந்தது. அவிழ்த்து ஒன்று கீழே மாற்ற கால் மணி நேரம் ஆனது. மரத்தில் இந்தத் திருத்தம் நடக்காது, கம்பெனிச் சேரில் நடந்தாலும் அவர்கள் வைத்த தூரத்துக்குள்தான்.

ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் சிலிண்டரில் வெல்டிங் வைக்க விடாதீர்கள், சூடு காட்டவோ திறக்கவோ விடாதீர்கள். இறங்காமல் நிற்க நடுவில் ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்று பட்டறையில் சாதாரணமாகச் சொல்வார்கள். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது, வெடிக்கும். இறங்கிப்போன சிலிண்டர் என்றால் மாற்றுவது மட்டும்தான் வழி.

இதன் மறைமுகச் செலவு உங்கள் அலைச்சல். பிளைவுட் ஒரு இடம், குஷன் ஒரு இடம், வெல்டிங் ஒரு இடம் என்று மூன்று பேர். ஒருவர் தவறை மற்றவர்மேல் போடுவார். வாரண்டி என்ற வார்த்தையே கிடையாது. ஊரில் ஆள் தெரியாதவர்களுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் இது வேண்டாம்.

| | எனக்கு ஆனது | காத்திருப்பு | திருத்த முடியுமா | யாருக்கு |
|---|---|---|---|---|
| இருப்பதைத் திருத்துவது | 1,200 ரூபாய் | ஒரு நாள் | முடியும், ஓரளவு | முதலில் எல்லாரும் |
| ரெடிமேட் | 11,000-க்கு மேல் | ஒரு வாரம் | வைத்த எல்லைக்குள் | சராசரிக்கு மேல் உயரம், பலர் உட்காரும் இடம் |
| முழு மரச் சேர் | 9,000 | ஐந்து வாரம் | முடியாது | ஒரே ஆள், குறைந்த நேரம் |
| கலப்பு | 6,500 போல | மூன்று வாரம் | நன்றாக | உயரம் குறைந்தவர்கள், நாள் முழுக்க உட்காருபவர்கள் |

கலப்பில் நான் செய்த செலவு குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அடிப்பாகம் ஓசியில் கிடைத்தது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ரெடிமேட் விலையை நெருங்கிவிடும்.

## அப்புறம் அந்தப் பதினைந்து செ.மீ.

சேர் 39-க்கு வந்துவிட்டது, மேசை இன்னும் 75-ல்தான். அலுவலகம் சொந்தமானது என்பதால் ஆசாரியைக் கூட்டிவந்து மேசையின் இழுப்பறையைக் கழற்றி, அந்த இடத்தில் 61 செ.மீ. உயரத்தில் கீபோர்டு ட்ரே போட்டோம். தொடைக்கும் ட்ரேக்கும் நடுவில் நாலு விரல் போகிறது, அது போதும். வாடகை ஆபீஸ் என்றால், கம்பெனி மேசை என்றால், சேரை 54-க்கு ஏற்றிக் காலுக்குப் பலகை வைப்பதுதான் வழி. அப்படியென்றால் குட்டைச் சிலிண்டர் தேவையே இல்லை, சாதாரண ரெடிமேட் சேரும் போதும், சீட் ஆழம் மட்டும் பொருந்தினால்.

அதனால்தான் சித்தி மகளுக்கு (152 செ.மீ., வீட்டில் சொந்த மேசை) கலப்புச் சேர் என்றும், டைப்பிங் தோழிக்கு (மேசை அவளுடையது இல்லை, மதியத்துக்கு மேல் அவள் சேரில் வேறொருவர் உட்காருவார்) துண்டும் கால்பலகையும் முதலில், பின்னால் ஆழம் நகரும் ரெடிமேட் என்றும் சொன்னேன். தோழி இன்னும் துண்டிலேயே இருக்கிறாள். நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வாங்கணும் என்கிறாள்.

எந்தச் சேராக இருந்தாலும் அரை மணிக்கொரு முறை எழுந்துவிடுவேன். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைப்பதில்லை, வாசல் பக்கத்துப் பானையில்தான் தண்ணீர்.

என் சேரில் இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. சேலை முந்தானை சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது, அவசரமாக எழுந்தால் கிழிகிறது. ஒரு சுங்குடிச் சேலை போய்விட்டது. சக்கரத்துக்கு மேலே மூடி போட முடியுமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டிருக்கிறேன், ‘வியாழக்கிழமை கொண்டாங்கக்கா, பாப்போம்’ என்றிருக்கிறார்.